பேதி: தீர்ப்பது எளிது, தடுப்பதுதான் கடினம்

வருமுன் காப்பது எளிது, வந்தபின் தீர்ப்பதுதான் கடினம் என்பது நாம் எல்லா நோய்களுக்கும் பொதுவாகச் சொல்லிவரும் அறிவுரை. தொற்று வயிற்றுப்போக்கின் அரை நூற்றாண்டுக் கதை இதற்கு நேர்மாறாகப் போயிருக்கிறது. வளரும் நாடுகளின் குழந்தைகளிடம் இந்த நோய் எவ்வளவு என்று 1982, 1992, 2003 ஆகிய ஆண்டுகளில் மூன்று தொகுப்பாய்வுகள் வந்தன. ஐந்து வயதுக்குட்பட்ட 1,000 குழந்தைகளில் ஆண்டுக்கு 13.6 பேர் பேதியால் இறக்கிறார்கள் என்றது முதல் ஆய்வு. மூன்றாவது ஆய்வில் அது 4.9 ஆகிவிட்டது. ஆனால் ஒரு குழந்தைக்கு ஆண்டில் எத்தனை முறை பேதி வருகிறது என்ற எண் இறங்கவே இல்லை. இரண்டிலிருந்து மூன்றை நோக்கிச் சற்று ஏறியும் இருந்தது. நோய் வந்தபடியே இருக்க, சாவு மட்டும் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியது.

அந்த 1982ஆம் ஆண்டு ஆய்வு, உலகில் ஆண்டுக்குச் சுமார் 46 லட்சம் குழந்தைகள் பேதியால் சாவதாக மதிப்பிட்டது. உலக சுகாதார நிறுவனம் இன்று சொல்லும் எண் சுமார் 4.4 லட்சம். அதே நிறுவனத்தின் கணக்கில் குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் 170 கோடி தடவை பேதி வருகிறது. சாவைக் குறைத்தது எது, நோயைக் குறைக்க முடியாமல் போனது ஏன் என்பவை தனித்தனிக் கேள்விகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் ‘கை கழுவுங்கள், கொதித்த நீரைக் குடியுங்கள்’ என்ற சுவரொட்டியோடு நம் சிந்தனை நின்றுவிடுகிறது.

முதலில் குடலின் கணக்கு. வளர்ந்த ஒருவரின் சிறுகுடலுக்குள் ஒரு நாளில் 8, 9 லிட்டர் திரவம் இறங்குகிறது. நாம் குடிப்பது அதில் 2 லிட்டர்தான். மிச்சமெல்லாம் எச்சில், இரைப்பைச் சாறு, பித்தநீர், கணையநீர் என்று உடலே சுரப்பது. இவ்வளவையும் குடல் திரும்ப உறிஞ்சி, மலத்தோடு 200 மில்லிக்கும் குறைவாகவே வெளியே விடுகிறது. இந்தப் பெரிய வரவுசெலவில் ஒரு சிறு பிசகு போதும், பேதியாகிவிடும். கிருமிகள் அந்தப் பிசகைப் பெரும்பாலும் மூன்று வழிகளில் செய்கின்றன. காலராக் கிருமி குடற்சுவரைத் துளைப்பதே இல்லை. மேலே ஒட்டிக்கொண்டு நச்சைச் சுரக்கிறது. குடல் செல்கள் உப்பையும் நீரையும் உள்ளிருந்து வெளியே கொட்டத் தொடங்குகின்றன. கடுமையான காலராவில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர்கூடப் போகும். நச்சு சுரக்கும் ஈ.கோலை வகையும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது. ரோட்டா வைரஸ் உறிஞ்சும் செல்களையே அழிக்கிறது. உள்ளே வந்த திரவம் உறிஞ்சப்படாமல் அப்படியே போகிறது. ஷிகெல்லா பெருங்குடற்சுவருக்குள் நுழைந்து புண்ணாக்குகிறது. சீதமும் இரத்தமும் போவது, வயிற்றை முறுக்குவது, காய்ச்சல் அடிப்பது எல்லாம் இதனால்தான். நம் ஊரில் வயிற்றுப்போக்கையும் சீதபேதியையும் முன்பே பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். சிகிச்சையில் அந்தப் பிரிவினை இன்றும் செல்லும்.

பேதிக்குக் காரணமான கிருமிகளின் பட்டியல் நீளமானது, எல்லாவற்றுக்கும் சம எடை கிடையாது. கொல்கத்தா, கராச்சி, வங்கதேசத்தின் மிர்சாபூர், ஆப்பிரிக்காவில் நான்கு இடங்கள் என ஏழு களங்களில் நடந்த பெரிய ஆய்வொன்றின் முடிவுகள் 2013இல் வந்தன. குழந்தைகளின் மிதமான, கடுமையான பேதிகளில் பெரும்பங்கு நான்கே கிருமிகளுடையது என்று தெரிந்தது: ரோட்டா வைரஸ், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி, நச்சு சுரக்கும் ஈ.கோலை வகை, ஷிகெல்லா. கிரிப்டோஸ்போரிடியம் இவ்வளவு முன்னால் வந்து நிற்கும் என்று பலர் எதிர்பார்க்கவில்லை. அதுவரை அதை எய்ட்ஸ் நோயாளிகளின் தொல்லையாகவே பார்த்துப் பழகியிருந்தார்கள்.

இனி, சாவைக் குறைத்த கதை. அதன் தொடக்கம் கொல்கத்தாவில் ஒரு முயலின் குடலில் இருக்கிறது. காலராக் கிருமியை வளர்த்த கரைசலிலிருந்து கிருமிகளை முழுக்க வடிகட்டி எடுத்துவிட்டு, மிஞ்சிய தெளிநீரை மட்டும் குடலுக்குள் செலுத்தினாலும் அங்கே நீர் நிறைகிறது என்று சம்புநாத் டே 1959இல் காட்டினார். அதாவது வேலையைச் செய்வது நச்சு. குடல் செத்துப்போகவில்லை, நச்சு அதை ஆட்டிவைக்கிறது. ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் கோக் கொல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்து முக்கால் நூற்றாண்டு கழித்து வந்த இந்த முடிவுக்கு, டேயின் வாழ்நாளில் அவரது சொந்த நாட்டில் உரிய மதிப்பு கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே இன்னொரு கண்ணி சேர்ந்தது. குடல் செல்லில் குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்தே நுழையும் ஒரு வாயில் இருக்கிறது என்று ராபர்ட் கிரேன் 1960இல் முன்வைத்தார். சோடியம் உள்ளே போனால் நீரும் பின்னால் போகும். காலரா நச்சு இந்த வாயிலைத் தொடுவதில்லை. ஒரு பக்கம் நீர் கொட்டிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கம் சர்க்கரையையும் உப்பையும் சரியான அளவில் அனுப்பினால் நீரை உள்ளே இழுத்துவிடலாம் என்ற முடிவு இதிலிருந்து வருகிறது. டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் 1968இல் இதைக் காலரா நோயாளிகளிடம் நிறுவினார்கள். இதற்கும் 15 ஆண்டுகள் முன்பே, 1953இல், கொல்கத்தாவில் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி வாய்வழிக் கரைசல் கொடுத்துக் காலராவைக் கையாண்டு எழுதியிருந்தார். குடல் இயங்கும் விதம் அப்போது தெரியாததால் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆய்வுக்கூடம் ஒத்துக்கொண்டதும் ஊர் ஒத்துக்கொண்டதும் வேறு வேறு நாட்களில் நடந்தன. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து எல்லை தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பாங்காவ் பகுதி முகாம்களில் குவிந்திருந்தபோது காலரா புகுந்தது. திலீப் மகலனாபிஸ் அங்கே போனபோது மருத்துவமனைத் தரையெல்லாம் நோயாளிகள். நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துகொண்டிருந்தது. ஏற்றத் தெரிந்த கைகளும் குறைவு. உப்பு, குளுக்கோஸ், சமையல் சோடா மூன்றையும் பொட்டலமாகக் கட்டி, பீப்பாயில் நீர் நிரப்பிக் கரைத்து, நோயாளியின் கூட வந்தவர்களிடமே குவளையைக் கொடுத்துப் புகட்டச் சொன்னார். முகாமில் 30 சதவீதமாக இருந்த இறப்பு, இப்படிச் சிகிச்சை பெற்றவர்களிடம் 3.6 சதவீதமாக இருந்தது. தாயும் அக்காவும் மாமியாரும் மருந்து கொடுப்பவர்களானதுதான் அந்த முகாமில் நடந்த உண்மையான மாற்றம் என்பது என் எண்ணம். மகலனாபிஸ் 2022இல் காலமானார். பத்ம விபூஷண் அதற்கடுத்த ஆண்டு, மறைவுக்குப் பின், வந்தது.

வங்கதேசத்தில் பிராக் அமைப்பு இதை இன்னும் ஒரு படி கீழே இறக்கியது. 1980 முதல் 1990 வரை அதன் பெண் பணியாளர்கள் 1.2 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போய், மூன்று விரலால் எடுக்கும் உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்று தாய்மாரிடமே கரைக்கச் சொல்லிப் பழக்கினார்கள். எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்று பார்த்துச் சம்பளம் தரவில்லை. பின்னால் போய்க் கேட்கும்போது அந்தத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறாள் என்று பார்த்துக் கொடுத்தார்கள். முதல் கட்டத்தில் தாய்மார் பாடத்தைச் சரியாக ஒப்பித்தார்கள், பேதி வந்தால் கரைக்கவில்லை. கரைசல் எப்படி வேலை செய்கிறது என்று பணியாளர்களுக்கே நம்பிக்கை வரும்படி விளக்கி, ஊர் ஆண்களையும் கூட்டத்தில் உட்காரவைத்த பிறகுதான் வழக்கம் மாறியது. தெரிந்திருப்பதற்கும் செய்வதற்கும் நடுவில் இருக்கும் இந்தப் பள்ளத்தை நம் சுகாதாரத் துறைகள் இப்படி அளந்து பார்த்தால் நல்லது.

இப்போது கடினமான பக்கத்துக்கு வருவோம். பேதிக் கிருமிகள் ஒருவர் மலத்திலிருந்து இன்னொருவர் வாய்க்குப் போகின்றன. குடிநீர், விரல், ஈ, மண், உணவு என்று வழிகள் பல. ஒன்றை அடைத்தால் மற்றது திறந்தே இருக்கும். எந்த வழி முக்கியம் என்பது கிருமியைப் பொறுத்தது. காலரா வர ஆரோக்கியமான ஒருவர் லட்சக்கணக்கில் கிருமிகளை விழுங்கவேண்டும். இரைப்பை அமிலமே பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். அதனால் அது பெரும்பாலும் நீரிலும் உணவிலும் பெருகியே பரவுகிறது. ஷிகெல்லாவுக்குப் பத்திலிருந்து நூறு கிருமி போதும். குழந்தையின் கால் கழுவிவிட்ட கையால் பிசைந்த சோறு அதற்குத் தாராளம். நோரோ வைரஸும் இப்படித்தான், கையில் தடவும் ஆல்கஹால் திரவத்துக்கும் அவ்வளவாக அசையாது. சோப்பும் ஓடும் நீரும் வேண்டும். குளோரினை நம்பியிருக்கும் குடிநீர்த் துறைக்குக் கிரிப்டோஸ்போரிடியம் பெரிய தலைவலி. காலராவும் ஷிகெல்லாவும் எளிதில் சாகும் அளவு குளோரினில் அது பிழைத்துக்கொள்ளும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1993இல் சுமார் 4 லட்சம் பேர் பாதிக்கப்பட்டது சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வந்த குழாய்நீரால்தான்.

நீர்வழிப் பரவலுக்கு லண்டனில் ஜான் ஸ்நோ கண்ட அடிபம்பைத்தான் எல்லாரும் சொல்வார்கள். எனக்கு ஹாம்பர்க் இன்னும் தெளிவான பாடமாகத் தெரிகிறது. 1892இல் அந்த நகரம் எல்பே ஆற்றுநீரை வடிகட்டாமல் குழாயில் விட்டது. ஒட்டியே இருந்த அல்டோனா அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில், இன்னும் அழுக்கான நீரை எடுத்தாலும், மணலில் வடிகட்டியது. ஒரே தெருவின் இரு பக்கமும் இரு நகராட்சிகளாக இருந்த இடங்களில்கூட ஒரு பக்கம் காலரா வந்து மறுபக்கம் தப்பியது. ஹாம்பர்க்கில் மாண்டவர்கள் 8,600 பேர். 2010இல் ஹெய்ட்டியில் நடந்ததோ வேறு வகை: நிலநடுக்கத்துக்குப் பின் வந்த ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு அர்த்திபோனித் ஆற்றின் கிளையில் கலந்தது. நூறாண்டுகளாகக் காலரா தென்படாத அந்த நாட்டில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். தன் பங்கை ஐ.நா. பொதுச்செயலாளர் வாய்விட்டு ஒப்பி வருந்த ஆறு ஆண்டுகள் ஆயின. ஏழை நாட்டு நோய் என்று ஒதுக்கவும் முடியாது. 2011இல் ஜெர்மனியில் ஒரு கொடிய ஈ.கோலை வகை 50க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. வெள்ளரிக்காய், தக்காளி என்று பழியைச் சுற்றிவிட்டுக் கடைசியில் பிடிபட்டது முளைகட்டிய வெந்தயம்.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாற்றில் ஒரு பக்கம் உண்டு. கொள்ளைநோயாகக் காலராவைப் பரப்புவது ஓ1 என்ற வகை மட்டும்தான் என்று பாடநூல்கள் உறுதியாகச் சொல்லிவந்தன. 1992 இறுதியில் சென்னையில் வந்த காலராவில் பிரித்த கிருமி ஓ1 சோதனைக்குப் பிடிகொடுக்கவில்லை. மதுரை, வேலூர் என்று தெற்கிலும், சில வாரங்களில் கொல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் அதே கிருமி. ஓ139 என்று எண் கொடுத்தார்கள். குழந்தைகளைவிட வளர்ந்தவர்களை அது அதிகம் தாக்கியது. பழைய காலராவுக்கு எதிராக உடல் சேர்த்துவைத்திருந்த எதிர்ப்பு புதியதிடம் செல்லவில்லை. சில ஆண்டுகளில் ஓ1 மீண்டும் மேலேறி வந்துவிட்டது.

நம் நகரங்களில் கிருமி நீரில் சேரும் இடம் பெரும்பாலும் நீர் புறப்படும் இடம் அல்ல. குழாயில் நாள் முழுக்க நீர் அழுத்தத்தோடு ஓடினால் விரிசல் வழியாக நீர் வெளியே கசியும். ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மணி நேரம் திறந்துவிட்டு மூடினால், மூடிய நேரத்தில் அதே விரிசல் வழியாகப் பக்கத்துச் சாக்கடை உள்ளே வரும். தெருவில் நாலு வீட்டார் மோட்டார் வைத்து உறிஞ்சினால் இன்னும் வேகமாக வரும். இப்படி விட்டு விட்டு வரும் நீரைக் குடத்திலும் டிரம்மிலும் பிடித்துவைக்கத்தானே வேண்டும். வைத்த நீருக்குள் சொம்போடு கையும் இறங்கும். வேலூரில் வீடுகளில் சேமித்த நீரை ஆராய்ந்தவர்கள், மாதிரிகளில் மூன்றில் இரண்டு பங்கில் சேமித்த நாட்களில் மாசு கூடியிருந்ததைக் கண்டார்கள். பித்தளைப் பாத்திரத்தில் வைத்த நீரில் மட்டும் அது குறைந்திருந்தது. பிளாஸ்டிக் குடம் வந்து பித்தளை பரணுக்குப் போன வீடுகளுக்கு இது ஒரு செய்தி.

இத்தனை வழியும் தெரிந்த பின் ஒவ்வொன்றாக அடைத்தால் பேதி குறையவேண்டும். குறைந்ததா? கராச்சியின் ஏழைக் குடியிருப்புகளில் வாரந்தோறும் சோப்பு கொடுத்துக் கை கழுவப் பழக்கியபோது குழந்தைகளின் பேதி பாதிக்கும் மேல் குறைந்தது. 2005இல் வந்த முடிவு. அந்த உற்சாகத்தில் பெரிய ஆய்வுகள் தொடங்கின. ஒடிசாவின் புரி மாவட்டத்தில் 100 கிராமங்களைப் பிரித்துப் பாதியில் கழிப்பறை கட்டிக்கொடுத்தார்கள். கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாயின. பேதி குறையவில்லை. பல வீடுகளில் கழிப்பறை பயன்பாட்டுக்கே வரவில்லை. குழந்தைகளின் மலம் பழைய இடத்துக்கே போனது. வங்கதேசத்திலும் கென்யாவிலும் நீர், கழிப்பறை, கை கழுவல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளின் முடிவு 2018இல் வந்தது. வங்கதேசத்தில் பேதி ஓரளவு குறைந்தது, கென்யாவில் சிறிதும் இல்லை. குழந்தைகளின் உயரம் இரண்டு நாட்டிலும் அந்த ஏற்பாடுகளால் கூடவில்லை.

இதைப் படித்துவிட்டுக் கழிப்பறை வேண்டாம் என்று சொல்பவர்களும் கிளம்பினார்கள். அது தவறான வாசிப்பு. முற்றத்தில் கோழியும் ஆடும் திரியும், தவழும் குழந்தை மண்ணை வாயில் போடும், பக்கத்து வீட்டார் இன்னும் வெளியே போவார்கள் என்ற ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு வாளியும் ஒரு சோப்பும் கொடுத்துக் கிருமியின் அளவை நோய்க்குப் போதிய அளவுக்குக் கீழே இறக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். ஹாம்பர்க்கைக் காப்பாற்றியிருக்கக் கூடியது வீட்டுக்கு வீடு கொடுக்கும் அறிவுரை அல்ல, மணல் வடிகட்டி. பாதித் தடுப்பு பாதிப் பலன் தருவதில்லை. பல நேரம் ஒன்றும் தருவதில்லை. முழுத் தடுப்புக்கான செலவை ஏற்காமல் பொறுப்பைத் தாயின் ஒழுக்கத்தின் மேல் சுமத்துவது அரசுகளுக்கு வசதியான வழி.

தடுப்பூசியிலும் இதே முட்டுக்கட்டை. ரோட்டா வைரஸை 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழு கண்டது. மெக்சிகோவில் குழந்தைகளைப் பின்தொடர்ந்தபோது, இருமுறை இயற்கையாகத் தொற்றிய குழந்தைக்கு அப்புறம் கடும் ரோட்டா பேதி வரவே இல்லை. வேலூர்ச் சேரிகளில் 373 குழந்தைகளை மூன்று வயது வரை தொடர்ந்து கவனித்துக் ககன்தீப் காங் குழு 2011இல் வெளியிட்ட முடிவு வேறு மாதிரி. ஆறு மாதத்துக்குள்ளேயே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ரோட்டா தொற்றியிருந்தது. மூன்று முறை தொற்றிய பிறகும் மிதமான, கடுமையான நோயிலிருந்து பாதுகாப்பு 79 சதவீதம்தான். இயற்கையே மூன்று தடவையில் முடிக்காததைத் தடுப்பூசி முடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. டெல்லியில் பிறந்த குழந்தைகளிடமிருந்து கிடைத்த 116இ என்ற வைரஸைக் கொண்டு உருவான ரோட்டாவேக், டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் சோதிக்கப்பட்டபோது முதல் ஆண்டில் கடும் ரோட்டா பேதியை 56 சதவீதம் தடுத்தது. பணக்கார நாடுகளில் ரோட்டா தடுப்பூசிகள் 85 சதவீதத்துக்கு மேல் காட்டுகின்றன. ஆனாலும் நோய் இவ்வளவு மிகுந்த இடத்தில் 56 சதவீதமே ஏராளமான குழந்தைகளை மருத்துவமனைக்குப் போகாமல் காக்கும். 2016இல் நான்கு மாநிலங்களில் தொடங்கி, 2017இல் தமிழ்நாட்டுக்கும் வந்த ரோட்டா தடுப்பு மருந்து இன்று ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாயில் சொட்டாகக் கொடுக்கப்படுகிறது.

தடுப்பு இப்படித் திணறும்போது சிகிச்சை எங்கே நிற்கிறது? இன்று இருக்கும் வாய்வழிக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) 2002இல் திருத்தப்பட்டது: ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். பழைய கலவையைவிட இதில் அடர்த்தி குறைவு, வாந்தியும் குறைவு. நீரிழப்பு சற்றே தெரிந்தால், அதாவது கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்பினால், எடைக்குக் கிலோவுக்கு 75 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில், கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி. மயக்கமோ, குடிக்கவே முடியாத நிலையோ வந்தால் மட்டும் நரம்பில் ஏற்றவேண்டும்; அதைத் தாமதிக்கக் கூடாது. கூடவே துத்தநாகம், ஆறு மாதத்துக்கு மேல் நாளொன்றுக்கு 20 மில்லிகிராம், அதற்குக் கீழே 10, இந்தியாவில் 14 நாள். பேதி நின்ற பிறகும் கொடுக்கவேண்டும் என்பதை வீடுகளில் மறந்துவிடுகிறார்கள். தாய்ப்பாலும் சோறும் நிற்கக் கூடாது. வயிற்றைக் காயப்போடும் பழைய வழக்கம், குழந்தை மெலிந்து அடுத்த பேதிக்கு இரையாவதற்கே உதவுகிறது. பல் முளைப்பதால்தான் பேதி என்று சும்மா இருந்துவிடுவதும் ஆபத்து. பல் முளைக்கும் மாதத்தில்தான் இணை உணவும் தொடங்குகிறது, கண்டதையெல்லாம் வாயில் வைப்பதும் தொடங்குகிறது. உச்சிக்குழி விழுந்திருக்கிறது என்று பாட்டி சொன்னால் அது சரியான கண்டறிதல். அதற்குக் குடல் தட்டி எண்ணெய் வழிப்பவரிடம் தூக்கிப்போவதுதான் தவறு.

கஞ்சியைப் பற்றியும் ஒரு சொல். 2000இல் வேலூர் மருத்துவர்கள், குடலில் எளிதில் செரிக்காத மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்துக் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். பேதி சீக்கிரம் நின்றது. அந்த மாவு பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, அங்கும் உப்பை உறிஞ்சவைக்கிறது. உப்பிட்ட அரிசிக் கஞ்சி கொடுத்த தலைமுறை கண்மூடித்தனமாகச் செய்யவில்லை. ஆனால் குளிர்பானமும் பழச்சாறும் அப்படியல்ல. அவற்றிலிருக்கும் மிகுந்த சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் பேதியை மோசமாக்கும்.

நுண்ணுயிர்க்கொல்லி மருந்து இரத்தம் போகும் சீதபேதிக்கும் கடும் காலராவுக்கும் வேண்டும். நீராகப் போகும் சாதாரணக் குழந்தைப் பேதிக்கு வேண்டாம். பேதியை அடக்கும் மாத்திரை குழந்தைக்குக் கூடவே கூடாது. இதெல்லாம் புதுச் செய்தி இல்லை. ஆனாலும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், பேதி கண்ட இந்தியக் குழந்தைகளில் ஓ.ஆர்.எஸ். கிடைத்தவர்கள் 60.6 சதவீதம், துத்தநாகம் கிடைத்தவர்கள் 30.5 சதவீதம். கடைகளிலோ ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு சர்க்கரை பானங்கள் பல ஆண்டுகள் விற்றன. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஒரு குழந்தைநல மருத்துவரின் நெடுநாள் போராட்டத்துக்குப் பின் 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயருக்குத் தடை போட்டது.

மருத்துவம் பார்ப்பவர்கள் ஏன் ஓ.ஆர்.எஸ். எழுதித் தருவதில்லை? கர்நாடகத்திலும் பீகாரிலும் 253 நகரங்களில் 2,000க்கும் மேற்பட்ட தனியாரிடம், இரண்டு வயதுக் குழந்தைக்குப் பேதி என்று சொல்லப் பயிற்சி பெற்றவர்களை அனுப்பிப் பார்த்த ஆய்வு 2024இல் வந்தது. மாத்திரை விற்றால் லாபம் என்பதாலா, கையில் பொட்டலம் இருப்பில்லை என்பதாலா, வந்தவர் அதை விரும்பமாட்டார் என்ற எண்ணத்தாலா என்று பிரித்து அளந்தார்கள். லாபத்தின் பங்கு 5 சதவீதம், இருப்பின்மையின் பங்கு 6. வந்தவர் விரும்பமாட்டார் என்ற எண்ணத்தின் பங்கு 42. உப்புநீரை எழுதித் தந்தால் இந்த மருத்துவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் அது. ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் படத்தைக் காட்டி ‘முன்பு இதைத்தான் கொடுத்தோம், இதுவே போதுமா’ என்று கேட்டவர்களுக்கு அதை எழுதித் தருவது 27 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது.